பரணிலிருந்து இறங்கிய வீ

பரிசோதனைச் சீட்டில் எச்பிஏ1சி, அதாவது ரத்தச் சர்க்கரையின் இரண்டு மூன்று மாதச் சராசரி, 6.1 என்று இருந்தது. 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை வாசலில் வந்து நிற்கிறது என்று பொருள், 6.5 தொட்டால் உள்ளே வந்துவிட்டது. எனக்கு வயது 42. தங்கச்சிமடத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். காலை பத்து மணிக்கு ஸ்டூலில் உட்கார்ந்தால் இரவு எட்டரை வரை குனிந்த தலை நிமிராது. டாக்டர் மாத்திரை எழுதவில்லை. "தினம் அரை மணி நேரம் வேர்க்க வேர்க்க நடங்க. மூணு மாசம் கழிச்சுப் பாப்போம்" என்று அனுப்பிவிட்டார்.

நடந்தேன், பன்னிரண்டு நாள். எங்கள் ஊரில் நடப்பதற்கு நேரான இடம் பாம்பனிலிருந்து ராமேஸ்வரம் போகிற பெரிய ரோடுதான். விடிவதற்கு முன்பே கோயிலுக்குப் போகிற வேன்களும் பஸ்களும் அதில் விரட்டிக்கொண்டு போகும். கடற்கரைப் பக்கம் போனால் மணலில் கால் புதையும். பதின்மூன்றாம் நாள் ஐப்பசி மழை பிடித்தது. வாடைக்காற்று மழையைச் சேர்த்து அடித்தால் குடை நிற்காது. இது முடிந்து நாலு மாதம் நன்றாக இருக்கும், அப்புறம் கச்சான் காற்று மணலை வாரிக் கண்ணில் போடும். ஆக, வருடம் முழுக்க நடக்க வேண்டுமென்றால் கூரைக்குக் கீழேதான் ஏதாவது செய்தாக வேண்டும் என்று புரிந்தது.

அந்த மழையில் மாடியில் ஓர் இடத்தில் ஒழுகியது. தார்ப்பாய் தேடிப் பரணில் ஏறினேன். தார்ப்பாய்க்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி. 2010-இல் ஷார்ஜாவிலிருந்து சித்தப்பா கொண்டு வந்த நின்டெண்டோ வீ. அக்கா பையன் ஒரு வருடம் விளையாடிவிட்டுப் படிக்க வெளியூர் போனதும் மேலே ஏற்றியது, இறங்கவே இல்லை.

தெரியாதவர்களுக்கு: வீ என்பது 2006 கடைசியில் வந்த வீடியோ கேம் பெட்டி. உலகம் முழுக்க 10 கோடிக்கு மேல் விற்றது. பட்டனை அமுக்கி விளையாடுவதற்குப் பதிலாக, கையில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு டென்னிஸ் மட்டையை வீசுவதுபோல வீச வேண்டும், குத்துச்சண்டை என்றால் குத்த வேண்டும். கூடவே பேலன்ஸ் போர்டு என்று ஒரு பலகை. அதன் மேல் ஏறி நின்றால் எடை பார்க்கும், எந்தக் காலில் அதிகம் ஊன்றுகிறோம் என்று காட்டும். பெட்டியில் இரண்டு ரிமோட், மறு கையில் பிடிக்கிற நன்சக் என்ற துணைப் பிடி ஒன்று, அந்தப் பலகை, வீ ஸ்போர்ட்ஸ், வீ ஃபிட் என்று இரண்டு டிஸ்க், எல்லாம் இருந்தன. எல்லாவற்றின் மேலும் உப்பும் இருந்தது.

எங்கள் தீவில் இரண்டு பக்கமும் கடல். இங்கே சாமான் கெட்டுப்போவது ஓட்டத்தால் அல்ல, கிடையால். ஓடிக்கொண்டிருக்கிற டிவி உள்சூட்டில் காய்ந்துகொண்டே இருக்கும். மூடி வைத்த சாமான் ஈரத்தை இழுத்துக்கொண்டு உள்ளுக்குள்ளேயே பூத்துப்போகும். தண்ணீரில் விழாத போனுக்குள்ளேயே பச்சைக் களிம்பு இருக்கும் என்று கடைக்கு வருகிறவர்களிடம் தினமும் சொல்கிறேன். அதையே என் வீட்டுப் பெட்டியில் பார்த்தேன்.

முதலில் ரிமோட். பேட்டரியை எடுக்காமலே மேலே ஏற்றியிருக்கிறார்கள். மூடியைத் திறந்தால் இரண்டு பேட்டரியும் கக்கி, பள்ளம் முழுக்க வெள்ளைப் பொடி கட்டிக்கிடந்தது. இந்த இடத்தில் நிறையப் பேர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் தகட்டின் மேல் இருக்கிற பூச்சும் போய்விடும், இரண்டே மாதத்தில் மறுபடி களிம்பு ஏறும். ஆல்கலைன் பேட்டரி கக்குவது காரம். காற்று பட்டு அது வெள்ளைப் பொடியாகிறது. காரத்துக்கு மருந்து புளிப்பு. காது குடையும் பட்ஸில் சமையலறை வினிகரைத் தொட்டு வைத்தேன். சுர்ரென்று நுரைத்தது. நுரை அடங்கும் வரை பட்ஸை மாற்றி மாற்றி வைத்து, பிறகு ஈரத்துணியால் துடைத்து, கடைசியில் ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) போட்டுப் பழைய பல் பிரஷால் தேய்த்தேன். ஒரு ஸ்பிரிங் அரித்து, தொட்டதும் உதிர்ந்துவிட்டது. கடையில் கிடந்த பழைய கார்ட்லெஸ் போனிலிருந்து ஒன்றை வெட்டிப் பற்றவைத்தேன். ரிமோட் உயிர் வந்து நாலு நீல விளக்கும் மினுக்கியது. இரண்டாவது ரிமோட்டில் கசிவு போர்டு வரைக்கும் இறங்கிவிட்டது. அதைத் தனியாக எடுத்து வைத்தேன்.

அடாப்டர் செத்திருந்தது. 12 வோல்ட், 3.7 ஆம்பியர் என்று அதன் மேலேயே போட்டிருக்கிறது. சிசிடிவி கேமராவுக்குப் போடுகிற 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் என்னிடம் இருந்தது. ஆனால் வீயின் பின் வேறு மாதிரி. அதனால் பழைய அடாப்டரின் வயரை ஒரு முழம் விட்டு வெட்டி, புதியதோடு சேர்த்துப் பற்றவைத்து ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினேன். இதைச் செய்கிறவர்கள் பிளஸ் மைனஸை மல்டிமீட்டரில் இரண்டு தடவை பார்த்துவிட்டுப் பெட்டியில் சொருகுங்கள். நான் மூன்று தடவை பார்த்தேன்.

டிஸ்க் உள்ளே போனது, படிக்கவில்லை. லென்ஸ் மங்கியிருக்கும் என்று தெரிந்தது. பெட்டியைத் திறக்க மூன்று இறக்கை வைத்த ஸ்குரூ. ஐபோனுக்கு வைத்திருக்கிற ஒய் பிட் (ஒய் வடிவ ஸ்குரூடிரைவர் முனை) இதற்குச் சின்னது, சுற்றினால் தலை வழுக்கும். பெரியதாக ஒன்று ஆன்லைனில் வரவழைக்க ஆறு நாள் ஆனது. திறந்தால் லென்ஸ் மேல் மூச்சு விட்ட கண்ணாடிபோல ஒரு படலம். ஐபிஏ தொட்ட பட்ஸால் அழுத்தாமல் ஒரே ஒரு சுற்று, காய்ந்த பட்ஸால் இன்னொரு சுற்று. படித்துவிட்டது. அப்படியே உள்ளே இருந்த காசு பேட்டரியையும் மாற்றினேன், சாதாரண 2032தான். அது செத்துப்போனால் தேதி நிற்காது. வீ ஃபிட் நாள் கணக்கு வைத்துத்தான் எடைக் கோடு போடும் என்பதால் தேதி முக்கியம்.

எல்லாம் சரியாகிப் படமும் வந்த பிறகு ஒரு சிக்கல். திரையில் கை வரவில்லை. வீயில் எதைத் தேர்ந்தெடுப்பதென்றாலும் ரிமோட்டை டிவிப் பக்கம் நீட்டினால் திரையில் ஒரு கை வரும், அதால் சுட்ட வேண்டும். அதற்காக டிவியின் மேல் சென்சார் பார் என்று ஒரு குச்சி வைப்பார்கள். அதன் வயர் உள்ளுக்குள்ளேயே கறுத்து அற்றுப்போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முழுக்க ஒட்டுப்போட்டுப் பார்த்தேன். சால்டர் பிடிக்கவே இல்லை. உப்புக்காற்றில் கறுத்த செம்பில் ஈயம் உருண்டு ஓடும்.

ஆறரை மணிக்கு அம்மா ஜெபத்துக்கு வந்தார். டிவிக்கு மேலே உள்ள பலகையில்தான் மாதா சுரூபம். இரண்டு பக்கமும் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினார். ஒன்பதாவது படிக்கிற என் மகள் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றிருந்தாள். "அப்பா, கை வந்துருச்சு!" என்றாள். வந்திருந்தது. கொஞ்சம் நடுங்கியது, ஆனால் அவள் ரிமோட்டைத் திருப்பிய பக்கமெல்லாம் போனது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சென்சார் பார் என்று பெயர் இருந்தாலும் அதில் சென்சாரே கிடையாது. இரண்டு முனையிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள், அவ்வளவுதான். பார்க்கிற கேமரா ரிமோட்டின் மூக்கில் இருக்கிறது. இரண்டு வெளிச்சப் புள்ளியை வைத்து, தான் எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அது கணக்குப் போடுகிறது. மெழுகுவர்த்திச் சுடரிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு. மாதாவின் இரண்டு பக்கமும் எரிந்த மெழுகுவர்த்தியை ரிமோட் விளக்குக் குச்சியாக எடுத்துக்கொண்டது.

மறுநாள் கடையில் புதிதாகவே ஒன்று செய்தேன். முப்பது சென்டிமீட்டர் பிளாஸ்டிக் ஸ்கேல். 20 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கொத்து, ஒவ்வொரு கொத்திலும் டிவி ரிமோட்டில் வருகிற அகச்சிவப்பு எல்இடி மூன்று, வரிசையாக இணைத்தது. ஒரு எல்இடி சுமார் 1.25 வோல்ட் எடுக்கும், மூன்றுக்கும் 3.75. பழைய போன் சார்ஜரின் 5 வோல்ட்டில் மீதி 1.25. அதற்கு 56 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 22 மில்லி ஆம்பியர் அளவில் ஓடும், எல்இடி சூடாகாது. ஓரத்து எல்இடியை மட்டும் வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்தேன், பக்கவாட்டில் நின்று ஆடினாலும் ரிமோட்டுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. எரிகிறதா என்று வெறும் கண்ணால் பார்க்க முடியாது. போனின் செல்ஃபி கேமராவில் பார்த்தால் பெரும்பாலும் ஊதா நிறத்தில் தெரியும். செலவு நாற்பது ரூபாய்க்குள். இதற்குப் பிறகு மெழுகுவர்த்திதான் இடைஞ்சல்: அது எரிந்தால் புள்ளி நாலாகி, கை குதிக்கும். அதனால் அம்மாவின் காலை ஜெபம் முடிந்து மெழுகுவர்த்தி அணைந்த பிறகுதான் ஆரம்பிப்போம். டிவிக்குப் பக்கத்தில் கிழக்கு ஜன்னல். வெயில் ஏறினாலும் இதே தொல்லைதான் என்பதால் கனமான கைலி ஒன்றைத் திரையாகக் கட்டியிருக்கிறேன்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். இதற்காகத்தான் இத்தனையும்.

முதல் வாரம் டென்னிஸ் ஆடினேன். அரை மணி நேரம் ஆடியும் சட்டை நனையவில்லை. ஒரே ரிமோட் என்பதால் மாறி மாறி ஆடினோம், மகள்தான் என்னைவிட அதிகம் ஜெயித்தாள். எப்படி என்று பார்த்தால் சோபாவில் சாய்ந்துகொண்டு மணிக்கட்டை மட்டும் சுண்டுகிறாள். ரிமோட்டுக்குள் இருப்பது அசைவின் வேக மாற்றத்தை அறிகிற சின்னச் சில்லு. அதற்குக் கை ஆடுவது தெரியும். கால் ஓடுகிறதா, முதுகு திரும்புகிறதா என்பது தெரியாது. திரையில் உள்ள ஆள் தானாகவே பந்துக்கு ஓடிவிடுகிறான். ஸ்கோரைப் பார்த்து ஆடினால் உடம்பு தன்னை அறியாமல் சிக்கனமான வழிக்குப் போய்விடும். லிவர்பூலில் 13 முதல் 15 வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2007-இல் வெளிவந்தது. உட்கார்ந்து ஆடுகிற கேமைவிட வீ ஆட்டத்தில் அதிக சக்தி செலவாகிறது, ஆனால் அதே விளையாட்டை மைதானத்தில் ஆடுகிற அளவுக்கு வராது என்று அதில் கண்டார்கள். என் உடம்பும் அதைத்தான் சொன்னது.

அதனால் ஸ்கோரை விட்டுவிட்டு நாடியைப் பிடிக்க ஆரம்பித்தேன். 220-இல் வயதைக் கழித்தால் எனக்கு 178. அதில் 64 முதல் 76 சதவீதம் வரை மிதமான உழைப்பு. எனக்கு நிமிடத்துக்கு 114-இலிருந்து 135. ஆட்டம் நின்றதும் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவேன். சுவர்க் கடிகாரமும் ஒரு பழைய டைரியும் போதும். மணிக்கட்டைச் சுண்டி ஆடிய டென்னிஸில் 92. அதே டென்னிஸில் பந்து வருவதற்குள் இருந்த இடத்திலேயே கால் மாற்றி மாற்றி ஓடி, தோளிலிருந்து முழுக்கையும் வீசினால் 116. பவுலிங், கோல்ஃப் இரண்டும் 90-ஐத் தாண்டவே இல்லை, அவற்றை விட்டுவிட்டேன். வீ ஃபிட்டில் இடுப்பில் வளையம் சுற்றுகிற ஆட்டம் 122. ஒரு கையில் ரிமோட், மறு கையில் நன்சக் பிடித்து ஆடும் குத்துச்சண்டை 138. அது மூன்று நிமிடத்தில் மூச்சு வாங்க வைத்துவிடும். நாடி பிடிக்கத் தெரியாதவர்களுக்கு இன்னொரு அளவு உண்டு. ஆடும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான உழைப்பு.

இப்போது காலை 5.50-க்கு ஐந்து நிமிடம் கை கால் சுழற்றல். பிறகு இரண்டு குத்துச்சண்டை, ஓடுகிற டென்னிஸ் பத்து நிமிடம், வளையம், மறுபடி இரண்டு குத்துச்சண்டை. கடைசி ஐந்து நிமிடம் மூச்சு ஆறும் வரை மெல்ல நடப்பது. ஞாயிறு பூசைக்குப் போவதால் விடுமுறை. ஆறு நாளைக்கு 180 நிமிடம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்கிறார்கள். காற்றில் குத்துவது தசைக்குப் போதாது. செவ்வாயும் வெள்ளியும் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுகிறேன்.

இரண்டு விஷயத்தில் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். நாலாம் நாள் வலது தோளில் வலி. காற்றில் குத்தும்போது எதிரே தடுக்க எதுவும் இல்லாததால் முழங்கை வெடுக்கென்று நிமிர்ந்து மூட்டில் இழுக்கிறது. மூன்று நாள் நிறுத்திவிட்டு, பிறகு முழங்கை முக்கால்வாசி நீளும் இடத்திலேயே கையைத் திருப்பிக்கொள்ளப் பழகினேன், வலி வரவில்லை. இரண்டாவது, தரை. சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு ஒரு வாரம் குதித்தால் முட்டி பேசும். கயிற்றுப்பாய் இரண்டை மடித்துப் போட்டு, அது நகராமல் அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்திருக்கிறேன்.

கைப்பட்டைக் கதையும் சொல்ல வேண்டும். வேர்த்த கையில் ரிமோட் வழுக்கும். வீ வந்த புதிதில் ரிமோட் பறந்து டிவி உடைந்த கதைகள் நிறைய. 2006 டிசம்பரிலேயே 32 லட்சம் கைப்பட்டைகளைத் தடிமனான கயிறு வைத்து மாற்றிக்கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். எங்களுடையதில் அந்தக் கயிறு இத்தனை வருட உப்பில் மக்கி, இழுத்ததும் வந்துவிட்டது. அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பத்தைந்து வருடம் கடலுக்குப் போனவர், இப்போது கண் சரியில்லை. "குடுடா" என்று வாங்கினார். வலை கட்டுகிற நைலான் நூலை எடுத்து ரிமோட்டின் அடித்துளையில் பல்லால் நுனி பிடித்துக் கோத்தார். மூன்று இழை சேர்த்து முறுக்கினார். வலைக் கண்ணுக்குப் போடுகிற அதே முடிச்சு. கட்டைவிரல் நகத்தால் அழுத்தி, நுனியைத் தீக்குச்சியில் காட்டி உருக்கி மூடினார். பார்த்துச் செய்யவில்லை, ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு விரலாலேயே செய்தார். இழுத்துப் பார்த்தேன். ரிமோட்டின் பிளாஸ்டிக் உடைந்தாலும் முடிச்சு அவிழாது.

அம்மாவுக்கு 68. குளியலறையில் விழுந்துவிடுவோமோ என்று பயந்து பயந்து நடப்பவர். பேலன்ஸ் போர்டின் நாலு மூலையிலும் எடை அறியும் உணரி ஒன்று ஒன்று இருக்கிறது. நாலின் கணக்கையும் வைத்து உடம்பின் பாரம் எங்கே விழுகிறது என்று திரையில் ஒரு சிவப்புப் புள்ளி காட்டும். புள்ளியை நடுவில் நிறுத்துவதுதான் ஆட்டம். அம்மா ஏறியதும் புள்ளி வலது பின்பக்கம் ஓடியது. இறங்கி ஏறினாலும் அப்படியே. இடது கால் பலம் இழந்துவிட்டதோ என்று எனக்குப் பக்கென்றது. மனைவி ஏறினாள், அவளுக்கும் வலது பின்பக்கம். நான் ஏறினேன், எனக்கும். பலகையைக் கயிற்றுப்பாயின் மேல் வைத்திருந்தோம். மெத்தையான இடத்தில் பலகையின் ஒரு கால் அமுங்கினால் கணக்கு மொத்தமும் சாயும். வெறும் தரையில் வைத்ததும் மூன்று பேருக்கும் புள்ளி நடுவுக்கு வந்தது. உடம்பில் குறை என்று கருவி சொன்னால், முதலில் வீட்டில் இன்னொருவரை ஏற்றிப் பாருங்கள்.

அம்மா இப்போது தினம் ஐந்து நிமிடம் நிற்கிறார். முன்னால் கனமான மர நாற்காலி, அதன் முதுகில் இரண்டு கை. பக்கத்தில் நானோ மனைவியோ இல்லாமல் ஏறக் கூடாது என்று கண்டிப்பு. பலகை ஐந்து சென்டிமீட்டர் உயரம்தான், ஆனால் விழ அது போதும். முதலில் இரண்டு கையும் நாற்காலியில் இருந்தது. கார்த்திகை கடைசியில் ஒரு கையை எடுத்தார்.

பெட்டியைக் காப்பாற்றும் வழி: ஆட்டம் முடிந்ததும் ரிமோட்டையும் நன்சக்கையும் வேர்வை போகத் துடைத்து, இறுக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறோம். நீல நிற மணி ஈரம் குடித்தால் ரோஸ் நிறமாகும். வாடைக்காலத்தில் பத்தே நாளில் ரோஸ் ஆகிவிடுகிறது. சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய சட்டியில் சின்னத் தீயில் வறுத்தால் மறுபடி நீலம் வரும். அந்த நீலச் சாயம் நஞ்சு, அதனால் சட்டியைத் தனியாகவே வைத்திருக்கிறோம். வீயை வாரம் ஒருநாளாவது சும்மா அரை மணி நேரம் ஓட விட வேண்டும். பேட்டரியை வேலை முடிந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும்.

இதே வேலைக்கு வேறு வழிகளும் உண்டு. 2010-இல் வந்த கினெக்ட் என்கிற கேம் கேமரா உடம்பு முழுவதையும் பார்க்கும், சோபாவில் உட்கார்ந்து ஏமாற்ற முடியாது. ஆனால் முன்னால் ஆறடிக்கு மேல் காலி இடம் கேட்கும். எங்கள் கூடம் பத்துக்கு ஒன்பது, கட்டிலும் அதிலேதான். நின்டெண்டோவின் ஸ்விட்ச் என்ற கேம் பெட்டிக்கு 2019-இல் வந்த ரிங் ஃபிட்டில் வளையத்தை அழுத்தியும் இழுத்தும் ஆட வேண்டியிருப்பதால் தசைக்கும் வேலை உண்டு. புதிதாக வாங்குகிற வசதி இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன். பரணில் இருந்தது வீ.

தை மாதம் ரத்தம் கொடுத்தேன். 5.8. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும் என்பதால் இந்தச் சோதனை இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும். ஒருநாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. இது முழுக்க ஆட்டத்தால் என்று சொல்ல மாட்டேன். டீயில் சீனியை விட்டேன், இரவுச் சோற்றைப் பாதியாக்கினேன். எடை நாலு கிலோ குறைந்திருக்கிறது. டாக்டர் டைரியை வாங்கிப் புரட்டிவிட்டு, "இதையே செய்ங்க, ஆறு மாசத்துல வாங்க" என்றார்.

பக்கத்து வீட்டுச் சித்தப்பா மகன் விசைப்படகில் போகிறவன். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அவனும் கூட்டாளிகளும் கரையில்தான் இருப்பார்கள். "அண்ணே, குத்துச்சண்டைக்கு என்னையும் சேத்துக்கங்க" என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறான். அதற்கு இரண்டாவது ரிமோட் வேண்டும். போர்டில் மூன்று இடத்தில் செம்புக்கோடு அரித்திருக்கிறது. இரண்டில் மெல்லிய ஜம்பர் வயர் போட்டுவிட்டேன், மூன்றாவது ஐசிக்கு அடியில் போகிறது. நாளைக்கு அதைச் சூடு காட்டித் தூக்க வேண்டும். அதன் கைப்பட்டையை அப்பா போன வாரமே முறுக்கி ஆணியில் மாட்டிவிட்டார்.